இரண்டாவது இன்னிங்ஸில் அடித்த தொலைபேசி

சுவரில் மாட்டியிருந்த அந்தத் தொலைபேசிக்கு எண்கள் கிடையாது. அதன் மறுமுனையில் இருப்பது ஒரேயொரு இடம்தான். மைதானத்தின் ஓரத்தில், தரைக்குச் சற்றுக் கீழே, அணியின் மனேஜர் நிற்கும் பள்ளம். அங்கே யாராவது எடுத்தால் இங்கே அடிக்கும்.

அது அடித்தபோது நான் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். வாய் முழுக்க உப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூரையைத் திறந்து விட்டிருந்தார்கள். வெயில் மைதானத்தின் ஒரு பாதியில் மட்டும் விழுந்திருந்தது. வெங்காயம் வதக்கும் வாசனை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

எங்கள் கோச் எடுத்தார். கேட்டார். வைத்தார். பிறகு நாடியை மட்டும் உயர்த்தி என்னைக் காட்டினார்.

வேறு யாரையோ காட்டுகிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

கடைசிக்கு வருகிற ஆள்

‘ரிலீவர் என்றால் யார், மாற்று ஆட்டக்காரரா?’ என்று ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்தப் பத்தியை இத்தனை வாரமாக எழுதியும் அதை நான் ஒழுங்காக விளக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பேஸ்போலில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ஓர் எறிவாளர் இருப்பார். அவர் களைத்துப்போனதும் ஒருவர் பின் ஒருவராக வந்து முடித்துவைப்பவர்கள் நாங்கள். எல்லைச் சுவருக்குப் பின்னால் புல்பென் என்கிற கூண்டுக்குள் இருப்போம். தொலைபேசி அடித்தால் எழும்பி, எறிந்து எறிந்து கையைச் சூடாக்கவேண்டும். சூடாக்கியபின் கூப்பிடுவார்கள் என்றில்லை. ‘தேவையில்லை, இரு’ என்பார்கள். இருக்கவேண்டும். இரவு கை வலிக்கும். ஆனால் கணக்குப்படி அன்றைக்கு நான் ஆடவேயில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு, பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். இங்கே அது இல்லை. ஒருமுறை வெளியே எடுத்தால் அன்றைக்கு முடிந்தது.

ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். கெட்டிக்கார ரிலீவர்களைக் கடைசி இன்னிங்ஸ்களுக்காக வைத்திருப்பார்கள். அப்படியானால், தொடங்கிய எறிவாளர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே விழுந்துவிட்டால் யாரை அனுப்புவது? நாளைக்கு இல்லாவிட்டாலும் அணிக்கு ஒன்றும் ஆகாத ஆளை.

அந்த ஆளாக இருப்பதுதான் என் தொழில். அதை மனக்குறையோடு எழுதவில்லை. அப்படி ஓர் ஆள் எல்லா அணிக்கும் வேண்டும்.

‘அமெரிக்காவிலை வேலை’

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து வோபர்னில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருந்தது. அங்கே ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடுவோம். எல்லைக்கோட்டிலிருந்து நான் இடுப்புயரத்தில் பக்கவாட்டாக எறிகிற எறி, தாழ்வாக வந்து கடைசியில் வளையும். அதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துப் பேஸ்போல் அணியில் சேர்த்தார்கள். அந்தப் பக்கவாட்டு எறியால்தான் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் இலவசமாகப் படிப்புத் தந்தது.

அப்பா மட்டக்களப்பில் நாலாம் வகுப்போடு நின்றவர். அம்மா அவரைவிட ஒரு வகுப்புக் கூட. இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். “எல்லாரும் தலையாலை போனவை, அண்ணா கையாலை போனவன்” என்று தங்கை தாரணி இன்றைக்கும் சொல்வாள்.

பட்டத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிய கையோடு நான் பேஸ்போல் எறியக் கிளம்பினேன். அப்பாவுக்கு இது விளங்கவில்லை. பாண் சுடுகிற தொழிற்சாலையில் கூட வேலைசெய்கிறவர்கள் “மகன் என்ன செய்யிறார்?” என்று கேட்டால், “அமெரிக்காவிலை வேலை” என்பார். “என்ன வேலை?” என்றால், “கொன்றாக்ற்” என்பார்.

அது பொய்யில்லை. கொன்றாக்ற்தான், பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம். கீழ் லீக்குகளில் ஒன்பது பருவம் எறிந்தேன். எத்தனை அணி என்று கேட்டால் விரல்விட்டுத்தான் சொல்லவேண்டும். சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு ஊர். இரவு முழுக்க ரயில் ஊதுகிற ஒரு ஊர். சலவை இயந்திரம் வேலைசெய்யாத வீட்டில் ஐந்து பேராக இருந்த ஒரு ஊர். ஒரு அணி என்னை விடுவித்தபோது பஸ்ஸில் என் பை ஏறியிருந்தது, நான் ஏறவில்லை. அந்தப் பை என்னைவிட இரண்டு ஊர் கூடப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

ஒவ்வொரு பனிக்காலமும் வோபர்னுக்கு வருவேன். ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுவேன். மாசி பிறந்ததும் யாராவது ஒரு அணியிலிருந்து அழைப்பு வரும். இல்லாவிட்டால் நானே அழைப்பேன்.

எல்லைக்கு அப்பால், இரண்டு முறை

ஒன்பது வருடத்தில் அப்பா என் ஆட்டம் பார்க்க இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் பஃபலோவுக்கு. எல்லையைத் தாண்டினால் போதும், பக்கம் என்பதால்.

முதல் முறை, ஆட்டம் தொடங்க ஒரு மணித்தியாலம் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பந்துவரைக்கும் எழும்பவில்லை. என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டாம் முறையும் அப்படித்தான். அன்றைக்கு நான் எழும்பிக் கையைச் சூடாக்கியதையாவது பார்த்தார். பிறகு என்னை இருக்கச் சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது காரில், “நீ அங்காலை எறிஞ்சது நல்லாத்தான் இருந்தது” என்றார். சுவருக்குப் பின்னால் எறிந்ததை அவர் பாராட்டியது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. போனில் பார்ப்பார் என்று அம்மா சொல்வார். அது பார்க்கிறதில்லை. ஒரு பெருவிரல் நகத்தளவு வெள்ளை உடுப்பு கையை வீசும். அவ்வளவுதான். நான் எறிந்து அப்பா கண்ணால் பார்க்கவேண்டும் என்பது எனக்கு மேல் லீக்கைவிடப் பெரிய ஆசையாக வளர்ந்தது. மேல் லீக் வேறு, அப்பா வேறு என்று அப்போது நினைத்திருந்தேன்.

இரண்டும் ஒரே நாளில் வந்தன.

ராசியை மாற்றிப் பார்த்தல்

மேல் லீக் அணியில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவருக்குப் பதிலாக என்னை ஏற்றிவிட்டார்கள். அந்த அணி அந்த வார இறுதியில் ஆடிய ஊர் ரொறன்ரோ. எதிரணி என் சொந்த நகரத்து அணி. நான் வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை ஆட்டம் முடிந்திருந்தது. மிஞ்சியிருந்தது ஞாயிறு மட்டும்.

ஹோட்டலிலிருந்து வீட்டுக்கு அழைத்தேன். அம்மா அழுதார். தாரணி அலறினாள். அப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார்.

“எத்தினையாம் இன்னிங்ஸிலை உன்னை விடுவினம்?”

“தெரியாதப்பா. ஏழு, எட்டு எண்டு வரலாம். விடாமலும் இருப்பினம். ஒண்டரைக்குத் தொடங்குது. நேரத்தோடை வாங்கோ.”

“அங்கைதான் பிழை நடந்தது” என்றார் அப்பா.

“எங்கை?”

“பஃபலோவிலை. ரெண்டு தரமும் முதல் பந்திலை இருந்து இருந்தனான். நீ வரேல்லை. உனக்கு நான் முன்னுக்கு வந்து குந்துறது சரிவராது. இந்த முறை மாத்திப் பாப்பம்.”

“அப்பா, உது ராசி இல்லை. அவங்கள் கூப்பிடேல்லை, அவ்வளவுதான்.”

“அதைத்தான் ராசி எண்டுறது.”

பின்னால் தாரணியின் குரல் கேட்டது. “ஓ மை கோட், அப்பா, வெடிங் ஹோல் மாதிரி லேற்றாப் போகேலாது. தே ஆக்சுவலி ஸ்ராட் ஒன் ரைம்.”

“கலியாண வீட்டுக்கு நேரத்துக்குப் போய் ஆரையன் கண்டனியே? கதிரை அடுக்கிறவனைத்தான் காணலாம்” என்றார் அப்பா.

அவரைக் குறைசொல்ல முடியாது. ரொறன்ரோவில் நம்மவர் நிகழ்ச்சிக்கு அழைப்பிதழில் ஆறு மணி என்றிருந்தால், எட்டு மணிக்குத்தான் விளக்குக்கு நெருப்புக்குச்சி தேடுவார்கள். முப்பது வருடம் அப்படிப் பழகிய மனிதர். அதோடு ராசியும் சேர்ந்துகொண்டது. கடைசியில் மூன்று மணிக்குப் போய்ச் சேர்வது என்று முடிவாயிற்று. அம்மாவும், காலையில் எழும்பி ரோல்ஸ் பொரித்து எடுக்க அதுதான் வசதி என்றார்.

வெறும் வரிசை

இரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் எறிவாளரின் கணுக்காலில் பந்து பட்டுவிட்டது; அதற்குத்தான் தொலைபேசி அடித்தது. இரண்டு பேர் பிடித்து நடத்திப் போனார்கள். நான் புல்பென் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நடந்தேன்.

அந்த மைதானத்தில் இருப்பது உண்மையான புல் அல்ல. நடக்கும்போது கால் சற்று மேலே எழும்பும். தொலைக்காட்சியில் பார்த்தால் ஓடிப்போகிற தூரம்தான். எனக்கு நடக்க நடக்கத் தூரம் முடியாமல் இருந்தது.

நுழைவுச்சீட்டு எடுத்துக் கொடுத்தது நான். எந்தப் பகுதி, எந்த வரிசை என்று தெரியும். மூன்றாவது பேஸுக்கு, அதாவது ஓடுபவர்கள் தொடும் மூன்றாவது மூலைக்கு, மேலே. தேடவே தேவையில்லாமல் கண் அங்கே போயிற்று. சுற்றிலும் சனம். நடுவில் நான்கு நீலக் கதிரைகள் மடிந்தபடி இருந்தன.

எங்கள் கச்சர் றமோன். வெனிசுவேலாக்காரர். முழங்கால் இரண்டிலும் சத்திரசிகிச்சை செய்தவர். எறிகிற எங்களுக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பதும், என்ன பந்து எறிவது என்று விரலால் சொல்வதும் அவர் வேலை. எறிவாளர் நிற்கும் மேட்டுக்கு வந்து பந்தை என் கையில் வைத்தார்.

“எங்கே பார்க்கிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என் குடும்பம்.”

“எங்கே?”

“இன்னும் வரவில்லை.”

அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். “நல்லது. என் அம்மா வந்திருந்த நாளில் நான் மூன்று பந்தைக் கோட்டைவிட்டேன்” என்றுவிட்டுப் போய்க் குந்தினார்.

முதல் ஆளுக்கு எறிந்த நான்கு பந்தும் வெளியே போயின. விதிப்படி அவர் அடிக்காமலே, நடந்தே முதல் பேஸுக்குப் போனார். எங்கும் ஆரவாரம். சொந்த ஊர்ச் சனம் எனக்கு எதிராகக் கத்துவது விசித்திரமான சத்தம். அடுத்தவர் தரையோடு அடித்தார். ஒரே அடியில் இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். ஏற்கெனவே ஒருவர் போயிருந்ததால் மூன்றாகி, அந்த இன்னிங்ஸ் முடிந்தது.

மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர் என் பந்தைத் தூக்கிச் சுவருக்கு அப்பால் போட்டார். ஒரு ரன். அதற்குப் பிறகு வந்தவர் அந்த அணியிலேயே பெரிய உடம்புக்காரர். றமோன் வளைபந்து கேட்டார். இடுப்புயரத்தில் விட்டேன். அவருடைய தொப்புளை நோக்கிப் போன பந்து கடைசியில் விலகிப் போயிற்று. மட்டை காற்றை வெட்டியது. மூன்றாவது தவறல். அவுட்.

றமோன் அந்தப் பந்தை மேட்டுக்கு எறியவில்லை. பள்ளத்துப் பக்கம் உருட்டிவிட்டார். மேல் லீக்கில் முதன்முதலாக ஒருவரை மூன்று முறை தவறவைத்து அவுட் ஆக்கிய பந்தை எறிந்தவனுக்கே கொடுத்துவிடுவது வழக்கம்.

நான்காவது இன்னிங்ஸையும் முடித்தேன். மனேஜர் கைகொடுத்தார். அன்றைக்கு என் வேலை முடிந்தது. நான்கு கதிரைகளும் அப்படியே மடிந்திருந்தன.

தூரக்கண்ணாடி

தோளில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு நான் பள்ளத்துக்குத் திரும்பியபோது ஐந்தாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் வந்தார்கள்.

முன்னால் சின்ன மாமா. அம்மாவின் தம்பி, எல்லாரையும் ஏற்றிவர வான் வைத்திருப்பவர். பின்னால் அம்மா, இரண்டு கையாலும் ஒரு பெட்டியைப் பிடித்தபடி. தாரணி. கடைசியாக அப்பா. கலியாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டு. மடிப்புக் கலையவில்லை.

உட்காருமுன் அப்பா கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். புல்பென்னைத் தேடினார். நான் அங்கே இல்லை. அவருக்கு நேர் எதிரே, பள்ளத்தில், தோளில் பனிக்கட்டியோடு இருந்தேன். இந்தப் பக்கம் அவர் ஒருமுறைகூடத் திருப்பவில்லை. இங்கே நான் இருக்க நியாயமில்லை என்பது அவர் கணக்கு.

கையசைத்தேன். இரண்டு முறை. பக்கத்தில் இருந்தவர் தனக்கு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பள்ளத்தில் போன் வைத்திருக்க அனுமதி இல்லை. எழும்பிக் கத்தவும் முடியாது.

ஏழாவது இன்னிங்ஸில் புல்பென்னில் ஒருவர் எழும்பினார். அப்பாவும் எழும்பினார். அது நானில்லை என்று தெரிந்ததும் திரும்பக் கதிரையில் இருந்தார். எட்டாவதில் இன்னொருவர். அப்பா எழும்பினார். இருந்தார். அம்மா ரோல்ஸ் நீட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒன்பதாவதில் அவர் இருக்கவேயில்லை; நின்றபடியே பார்த்தார்.

ஒன்பது வருடத்தில் நான் உட்கார்ந்திருக்கிற எல்லா வாங்குப் பலகைகளிலும் அதுதான் நீளமான வாங்கு.

செய்தி சொல்லாத ஆட்கள்

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஊரில் பெரியப்பா இறந்துபோனார். எனக்குப் பரீட்சைக் காலம். போனில் கேட்டால் “பெரியப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல்” என்றார் அம்மா. அடுத்த வாரம், “இப்ப பரவாயில்லை.” சோதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் சொன்னார்கள். அப்போது முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்திருந்தது. செத்துப்போன மனிதருக்கு நான் ஒரு மாதமாகச் சுகம் விசாரித்திருக்கிறேன்.

நம்மவர்கள் செய்தியை உடனே சொல்வதில்லை. கேட்பவர் தாங்குவாரா, சாப்பிட்டாரா, நாளைக்கு வேலை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இத்தனை தூரத்தில் இத்தனை துக்கங்களைக் கேட்டுப் பழகிய சனம். அதில் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்றால், நல்ல செய்தியையும் அம்மா அந்த மாதிரித்தான் கையாண்டார்.

வரும் வழியெல்லாம் தாரணியின் போன் வழிகாட்டுவதற்காகச் சின்ன மாமாவின் கண்ணாடிக்கு முன்னால் ஒட்டியிருந்திருக்கிறது. 401 நெடுஞ்சாலை முழுக்க நெரிசல், திரையில் ஒரே சிவப்பு. கதிரையில் இருந்து போனைத் திறந்த பிறகுதான் அவள் பார்த்திருக்கிறாள்: அண்ணா எறிந்து முடித்துவிட்டான். அம்மாவின் காதில் சொல்லியிருக்கிறாள்.

அம்மா உடனே சொன்னாராம்: “அப்பாவுக்கு இப்ப சொல்லாதை.”

வாசல்

ஆட்டம் முடிந்து நான் வெளியே வருவதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. மனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நன்றாக எறிந்தாய் என்றார். நாளைக்கு அவர்களுக்குக் களைக்காத கை ஒன்று வேண்டும் என்றார். இன்றைக்கு எறிந்ததால் என் கை களைத்த கை. கீழ் லீக்குக்குத் திரும்பவேண்டும். போய்ச் சேர மூன்று நாள் தவணை.

வாசலில் நால்வரும் நின்றார்கள். அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, உதட்டில் விரல் வைத்துத் தலையை ஆட்டினார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா என் முழங்கையைப் பிடித்தார். “பரவாயில்லை மகன். இண்டைக்கும் விடேல்லை, என்ன? நாளைக்கு வேறை ஊரிலை மட்ச் இருக்காம். நான் லீவு எடுத்து வாறன். முன்னுக்கு வரமாட்டன், பயப்பிடாதை.”

அப்போதுதான் அம்மாவின் விரல் எனக்கு விளங்கியது.

நான் வாயைத் திறக்கவும், றமோன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வரவும் சரியாக இருந்தது. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கவேண்டும்.

“இவன் அப்பாவா?” அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டினார். “இவன்தான் இன்று எங்களைக் காப்பாற்றினான். அந்த வளைபந்து. அந்தப் பெரியவன் காற்றை வெட்டினானே. பந்தைக் காட்டினானா உங்களுக்கு?”

அப்பாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தாராளமாக விளங்கும். முப்பது வருடம் தொழிற்சாலை.

றமோன் போய்விட்டார். நான் பையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலை நகத்தால் தடவினார். சேட்டுப் பையில் வைத்துப் பார்த்தார். போகவில்லை. அம்மாவிடம் நீட்டினார்.

“ரோல்ஸ் பெட்டிக்குள்ளை வை. உருளாது.”

401

நகரத்தை விட்டு வெளியேறும்வரை வானுக்குள் சின்ன மாமாவின் வானொலி மட்டும் கேட்டது. அப்பா முன் இருக்கையில். நானும் அம்மாவும் நடுவில். தாரணி பின்னால்.

வான் வடக்கே திரும்பியதும் அப்பா வானொலியை நிறுத்தினார்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“வந்து இருந்த உடனை” என்றார் அம்மா.

“அப்ப நான் எழும்பி எழும்பி இருந்தது?”

சின்ன மாமாவுக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. “அத்தான், நீங்கள் எழும்பேக்கை எல்லாம் பின்னாலை இருந்த வெள்ளைக்காரனுக்கு மறைச்சது. ரெண்டு தரம் பேசினவன். நான்தான் சொறி சொன்னனான்.”

“நீயும் தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனியோ?”

“எனக்கு ஏழாவதிலைதான் சொன்னவை” என்றார் சின்ன மாமா. தன்னை ஏழாவதுவரை விட்டுவைத்ததில் அவருக்கும் ஒரு மனக்குறை இருந்தது.

“நீங்கள் கவலைப்படுவியள் எண்டுதான்” என்றார் அம்மா. “பிள்ளை எறிஞ்சதைக் காணேல்லை எண்டு மனம் உடைஞ்சுபோவியள் எண்டு.”

அப்பா திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை.

“நான் அங்கை இருந்து என்ன செய்தனான் தெரியுமோ? பயந்தனான். கூப்பிடுவாங்களோ. கூப்பிட்டால் அடி வாங்குவானோ. கூப்பிடாட்டி இவன் திரும்பவும் பெட்டி கட்டிக்கொண்டு போவானோ. பிள்ளை எறிஞ்சு முடிச்சிட்டான் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு ரோல்ஸைத் திண்டுகொண்டு நிம்மதியாப் பாத்திருப்பன். நான் சந்தோசமா இருந்திருக்கவேண்டிய நேரம் அது. காணாமல் விட்டது என்ரை பிழை. அந்தச் சந்தோசம் நீங்கள் எல்லாரும் சேந்து எடுத்தது.”

அம்மா மெதுவாகப் பெட்டியைத் திறந்தார். பந்தை ஒதுக்கிவிட்டு ஒரு ரோல்ஸை எடுத்து முன்னுக்கு நீட்டினார். அப்பா வாங்கினார்.

“நாளைக்கு எத்தினை மணிக்கு?” என்று கேட்டார், மென்றுகொண்டே.

இனி ஒளிப்பதற்கு அந்த வானில் இடமில்லை. “நாளைக்கு இல்லையப்பா. என்னைத் திரும்பக் கீழ அனுப்பிட்டினம்.”

“ரன் ஏதும் குடுத்ததுக்கோ?”

“இல்லை. எறிஞ்சதுக்கு. கை களைச்சிருக்கும், நாளைக்கு எறிய ஏலாது எண்டு.”

“நல்லா எறிஞ்சனி எண்டெல்லோ அந்தப் பெடியன் சொன்னவன்?”

றமோனுக்கு வயது முப்பத்தெட்டு. “ஓம். எங்களைப்போல ஆக்களுக்கு அது அப்பிடித்தான்.”

“திரும்பக் கூப்பிடுவாங்களோ?”

“தெரியாது.”

“அப்ப, இண்டைக்குத்தான்.”

“இண்டைக்குத்தான்.”

வான் 401இல் ஏறியது. ஏறியதும் நின்றது. முன்னால் பிரேக் விளக்குகள் கண் எட்டும் தூரத்துக்கு. அப்பா வாயைத் துடைத்தார். இருக்கைப் பட்டியை இழுத்துத் தளர்த்தி, முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“சரி. முதலிலை இருந்து சொல்லு. எங்கை இருந்தனி?”

“புல்பென்னிலை. விதை திண்டுகொண்டிருந்தன்.”

“என்ன விதை?”

சொன்னேன். தொலைபேசியைச் சொன்னேன். அது எந்தப் பக்கச் சுவரில் இருந்தது என்று கேட்டார். கோச் எந்த ஊர்க்காரர் என்று கேட்டார். நாடியை எப்படி உயர்த்தினார் என்று செய்து காட்டச் சொன்னார்.

“அப்ப எத்தினை மணி?”

“ரெண்டு ஆகேல்லை.”

“அந்த நேரம் நாங்கள் எங்கை நிண்டனாங்கள்?” என்று சின்ன மாமாவைக் கேட்டார்.

“விக்ரோறியா பார்க்கடியிலை, அத்தான். அந்தக் கறுத்த கார்க்காரன் குறுக்காலை வெட்டினானே.”

“ஓம், ஓம்.” அப்பா தலையை ஆட்டினார். “பிள்ளை அங்கை ஏறேக்கை எனக்கு இங்கை நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்தது எண்டு சொன்னால் நல்லாத்தான் இருக்கும். ஒண்டும் செய்யேல்லை. நான் அந்தக் கறுத்த கார்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தனான்.”

முதலில் சிரித்தது அம்மா.

“பிறகு?” என்றார் அப்பா.

கதவைத் திறந்ததைச் சொன்னேன். கால் எழும்புகிற புல்லைச் சொன்னேன். நான்கு நீலக் கதிரைகளைச் சொல்லாமல் கடக்கலாமா என்று நினைத்தேன். சொன்னேன். அவர் கண்ணை விலக்காமல் கேட்டார். “மடிஞ்சே இருந்தது?” என்றார். “மடிஞ்சுதான் இருந்தது” என்றேன். “பிறகு?” என்றார்.

றமோன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னதற்கு வான் முழுக்கச் சிரித்தது. முன்னால் வாகனங்கள் நகரத் தொடங்கின. வோர்டன் பலகை போனது, கெனடி பலகை போனது. பழகிப் பார்க்க எறிந்த பந்துகளை நான் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டியிருந்தது. ஏனென்றால் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

மார்க்கம் வீதிக்கான பலகை தெரிந்தது. எங்கள் வீட்டுக்குத் திரும்பும் இடம். சின்ன மாமா சிக்னலைப் போட்டார்.

“சிக்னலை நிப்பாட்டு” என்றார் அப்பா, திரும்பாமலே.

“ஏன் அத்தான், வீட்டை போகேல்லையோ?”

“நேர விடு. அஜக்ஸ் பக்கம்.”

“அஜக்ஸிலை எங்களுக்கு ஆர் இருக்கினம்?” என்றார் அம்மா.

“ஒருத்தரும் இல்லை. இவன் இன்னும் முதல் பந்தே எறியேல்லை.”

சின்ன மாமா சிக்னலை நிறுத்திவிட்டு நேரே விட்டார்.